ராஸ் கடித வாசிப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஆகஸ்டு கடைசிச் சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நடத்திய கடித வாசிப்பு நல்லபடியாக முடிந்தது. நூறு வருசத்துக்கு முந்தைய இரண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் மலேரியாவைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களைத் தமிழில் படித்தால் யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். கடைசியில் நாற்காலி பத்தாமல் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்வதைவிட எல்லாரும் பார்க்க எழுதுவதுதான் முறை. பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். அதனால் அக்கா, தம்பி, ஐயா என்றே நன்றி சொல்கிறேன். யார் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி கோயில் நிர்வாகத்துக்கு. சரி என்று சொல்லியிருந்த ஒரு மண்டபம் கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டது. அன்று மாலையே போய் நின்றோம். "மருத்துவர் கடிதமா, நல்ல காரியம்தானே, படியுங்கள்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார் தலைவர். வாடகை பற்றிக் கேட்கவே விடவில்லை. பாயும் அவர்கள் தந்ததுதான்.

அடுத்து, மொழிபெயர்த்த இரண்டு ஆசிரியை அக்காமார். வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரொனால்ட் ராஸ் இந்தியாவில் ராணுவ மருத்துவர், பேட்ரிக் மேன்சன் லண்டனில் மூத்த டாக்டர். 1894இல் லண்டனில் மேன்சன்தான் மலேரியாக் கிருமியை மைக்ரோஸ்கோப்பில் ராஸுக்குக் காட்டினார். கொசுவுக்கு இதில் பங்கு இருக்கிறது என்று ஊகித்தவரும் அவர்தான். 1895இல் ராஸ் இந்தியா திரும்பியதிலிருந்து 1899 வரை இருவருக்கும் இடையே நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கப்பலேறிப் போய் வந்தன. அவற்றில் பெரும்பகுதி கொசுவின் வயிற்றுக்குள் பார்த்தது, பார்க்காதது என்று ஒரே நுணுக்க விவரம். அதையெல்லாம் அக்காமார் சலிக்காமல் தமிழாக்கினார்கள். எதை விடலாம் என்று நான் பேனாவை எடுத்தபோது, "புலம்பலை மட்டும் வெட்டாதே, அதில்தான் மனுசன் தெரிகிறார்" என்றார் மூத்த அக்கா. அவர் சொன்னது சரி. வேலையெல்லாம் கூடிவரும் நேரத்தில் ராஸை ராஜபுதனத்தில் கெர்வாரா என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆராயக் கைக்கு மலேரியா நோயாளி கிடைக்காத ஊர் அது! அந்தக் காலத்துக் கடிதங்களுக்குத்தான் கூட்டத்தில் அதிகமாக 'உச்' கொட்டினார்கள். மேன்சன் மேலிடங்களுக்கு எழுதி எழுதி, 1898 தொடக்கத்தில் ராஸ் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் படிக்கும் தம்பிக்குத் தனி நன்றி. ராஸ் துண்டுச்சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதவர். அவருடைய காகிதங்களில் ஒரு பகுதி லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலும் இன்னொரு பகுதி கிளாஸ்கோவிலும் இருக்கின்றன. 1928இல் குடும்பச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று அவரே விளம்பரம் கொடுத்து அவற்றை விற்றார். ஹூஸ்டன் சீமாட்டி 2,000 பவுனுக்கு வாங்கினார். நோபல் பரிசு வாங்கியவருக்கு அந்த நிலைமையா என்று அன்று சிலர் கேட்டீர்கள். ஆமாம், 1902இல் வாங்கியவர்தான். எங்களுக்குச் சந்தேகம் வந்த வரிகளைத் தம்பி பாடவேளைகளுக்கு நடுவே போய்ப் பார்த்துச் சொன்னார்.

வாசித்தவர்களில் ராஸாக வந்த கல்லூரி மாணவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. செகந்திராபாத்தில் மைக்ரோஸ்கோப்பின் திருகாணிகள் தன் வியர்வையில் துருப்பிடித்தன, மிச்சமிருந்த ஒரே கண்ணாடிவில்லையும் விரிசல் விட்டிருந்தது என்று ராஸ் பிற்பாடு எழுதியிருக்கிறார். வெட்டி வைத்த கொசு காற்றில் பறந்துவிடும் என்பதால் பங்காவும் (கயிறு கட்டி ஆட்டும் துணி விசிறி) இழுக்கக்கூடாது. அந்தப் பகுதி வந்ததும் இந்தத் தம்பி எழுந்துபோய் மண்டபத்து மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்! ஏற்பாட்டுக் குழுவுக்கே தெரியாது. கோலாலம்பூர் மத்தியானப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். அஞ்சு நிமிசத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, பாட்டிமார் நிகழ்ச்சி நிரலை விசிறியாக்கிக்கொண்டார்கள். ஹுசேன் கான் என்ற நோயாளியை ஒரு கொசுக்கடிக்கு ஓர் அணா என்று பேசிக் கடிக்க வைத்ததும், 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி பழுப்புக் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் கருநிறப் பொடி படிந்த உருண்டைகளை, அதாவது கொசுவுக்குள் வளரும் மலேரியாக் கிருமியைக் கண்டதும், அந்தப் புழுக்கத்தில்தான் எங்கள் காதில் விழுந்தன. விசிறியைத் திரும்பப் போட்டபோது கைதட்டல் ராஸுக்கா விசிறிக்கா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

மனைவி ரோசாவுக்கு அவர் அனுப்பிய கவிதையைப் படித்த செந்தூல் தங்கச்சிக்கும் நன்றி. கண்டுபிடித்த கையோடு உட்கார்ந்து கவிதை எழுதியவரைப் பார்த்து நம் ஆட்களுக்கு ஒரே சந்தோசம்.

காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? அவர் மட்டும் வரவில்லை என்றால் இது இரண்டு டாக்டர்களின் கதையாகவே முடிந்திருக்கும். ராஸின் கண்டுபிடிப்பை நம்பிக் கிள்ளானில் 1901இலிருந்து சதுப்பை வடித்துக் காட்டை வெட்டியவர் மால்கம் வாட்சன். அவருடைய புத்தகத்தின் 1921ஆம் வருசப் பதிப்புக்கு ராஸே முன்னுரை எழுதினார். இவ்வளவுதான் எங்கள் குறிப்பில் இருந்தது. ஐயா ஒரு பேரப்பையனை மேடைக்குக் கூப்பிட்டு, இடது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து, "மூச்சை இழு" என்றார். உள்ளிழுக்கும்போது மண்ணீரல் விரலில் வந்து இடித்தால் அந்தப் பிள்ளைக்கு மலேரியா வந்து போயிருக்கிறது என்று அர்த்தமாம். வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளை இப்படித் தடவிப் பார்த்துத்தான் எந்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) நோய் அதிகம் என்று கணக்கெடுத்தார். அப்புறம் ஐயா சொன்னது: தாழ்நிலத்தில் காட்டை வெட்டினால் காய்ச்சல் குறைந்தது, மலைத்தோட்டத்தில் வெட்டினால் கூடிவிட்டது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் வளர்கிற கொசு அங்கே வேறு. அதனால் ஓடையைக் குழாய் போட்டு மண்ணுக்கடியில் விட்டார்கள், மற்ற இடத்தில் எண்ணெய் அடித்தார்கள்.

எண்ணெய் என்றதும் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "எங்கப்பா அந்த வேலைதான் பார்த்தார்" என்றார். அதற்குப் பிறகு மைக் மேடைக்குத் திரும்பவே இல்லை. பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) வரிசையாக நிற்க வைத்து கொய்னா (மலேரியா மருந்து) கொடுத்ததும், விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததும், கசப்புக்குப் பயந்து கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்பியதும், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். எங்கள் கடைசிக் கடிதங்களுக்கு நேரமில்லாமல் போனது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மைக்கைப் பிடித்த ஒவ்வொருவருக்கும் நன்றி.

விட்டுப்போன அந்தப் பகுதியில் என்ன இருந்தது என்று கேட்டவர்களுக்கு: இருவரும் பிற்காலத்தில் மனம் கசந்து போனார்கள். லிவர்பூலில் ராஸ் விட்டுச்சென்ற பதவிக்கு வேறொருவரைச் சிபாரிசு செய்து மேன்சன் எழுதிய கடிதம் தன்னை மட்டம் தட்டுகிறது என்று, 1912இல் ராஸ் அவதூறு வழக்கு வரைக்கும் போனார். எனக்கு ராஸைப் பிடிக்கும், ஆனால் இந்த விசயத்தில் நான் மேன்சன் பக்கம்.

மேன்சன் பக்கம் இன்னொருவரும் இருக்கிறார்: அச்சகத்துச் சீன அங்கிள். ஹாங்காங்கில், பிற்காலத்தில் சீனப் புரட்சித் தலைவரான சன் யாட்-சென் படித்த மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவர் மேன்சன், 1896இல் லண்டனில் சீனத் தூதரகம் சன்னைப் பிடித்து வைத்தபோது மீட்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் என்று தெரிந்ததும், நோட்டீசுக்குப் பாதிக் காசுதான் வாங்கினார். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாமலே முழு நிகழ்ச்சிக்கும் உட்கார்ந்திருந்தார்.

நாசி லெமாக் பொட்டலம் கட்டிய மகளிர் குழுவினருக்கும், மைக் செட் அண்ணனுக்கும், கூட்டிப் பெருக்கிவிட்டுப் போன இளைஞர்களுக்கும் நன்றி. செலவு போக மீந்த பணத்தை மின்கட்டணத்துக்கு என்று கோயிலில் கட்டிவிட்டோம், ரசீது என்னிடம் இருக்கிறது. இரண்டு குடை, ஒரு மூக்குக்கண்ணாடி, மூடி இல்லாத சம்பல் டப்பா ஒன்று மண்டப அலுவலகத்தில் இருக்கின்றன. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். டப்பாவின் மூடி யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், அந்த அக்கா தினமும் கேட்கிறார்.

நன்றியுடன்,
கடித வாசிப்பு ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
கோலாலம்பூர்