விட்ட ட்ரவுட் பிழைக்க வேண்டுமானால்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் பெரிய ட்ரவுட்டைப் பிடித்துப் படமெடுத்துவிட்டுத் திரும்ப நீரில் விடுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் நீந்திப் போன மீனெல்லாம் பிழைப்பதில்லை.

1880களில் இங்கு கொண்டுவரப்பட்ட பழுப்பு ட்ரவுட் பெருகவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட்தான் நிலைத்தது. அதுவும் குளிர்நீர் மீனே. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸை நெருங்கினால் ஒட்சிசன் குறையும். களைத்த மீன் மீளாது. மழையற்ற பெப்ரவரி, மார்ச் மாதங்களில் காலை ஒன்பது மணிக்குள் தூண்டிலைச் சுருட்டிவிடுவது உத்தமம்.

மெல்லிய தூண்டில் நரம்பில் பெரிய மீனை நெடுநேரம் அலைக்கழிப்பதைத் திறமை என்கிறார்கள். உண்மையில் அதுதான் மீனைக் கொல்கிறது. 5, 6 இறாத்தல் தாங்கும் நரம்பு போட்டு மீனைச் சீக்கிரம் கரைசேர்த்துவிடுங்கள். தூண்டில் முள்ளின் முனையில் பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் முள் நொடியில் கழன்றுவிடும். ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்காதீர்கள். நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். மண்புழு இரையில்தான் மீன் இப்படி விழுங்குவது அதிகம் நடக்கும்.

கையை நனைத்த பின்பே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கையில் அதன் வழுவழுப்புப் படலம் உரிந்து, அங்கே பூஞ்சணம் பற்றும். செவுளுக்குள் விரல் விடவே கூடாது. படமெடுக்கப் பத்து விநாடி போதும். பிறகு தலை நீரோட்டத்தை எதிர்நோக்க அசையாமல் பிடித்திருங்கள். தானாகத் திமிறும்போது விடுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் வேண்டாம்.

மீன்பிடி ஆர்வலர்,
நுவரெலியா