முதல் பக்கத்தில் செய்தி எங்கே?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிறந்த தேதியில் வந்த ‘தி இந்து’ முதல் பக்கத்தை நகலெடுத்து, ஃபிரேம் போட்டுத் தருகிறோம். சதாபிஷேகப் பரிசுக்கு வாங்குபவர்கள்தான் அதிகம். பார்சலைப் பிரித்ததும் பலர் போன் செய்கிறார்கள்: “செய்தியே காணோம், வெறும் விளம்பரமா இருக்கு. பக்கத்தை மாத்தி அனுப்பிட்டீங்களா?”

மாற்றவில்லை. 1958 ஜனவரி வரை, ‘மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு’ என்று செல்லப்பெயர் வாங்கிய ‘தி இந்து’வின் முதல் பக்கம் விளம்பரங்களுக்குத்தான். செய்திக்கு உள்ளே புரட்ட வேண்டும். லண்டன் டைம்ஸ்கூட 1966 வரை அப்படித்தான் வந்தது. எங்களைக் கேட்டால் அந்தப் பக்கம்தான் சுவாரஸ்யம். அன்றைக்குக் கடைகளில் என்ன விற்றது என்று தலையங்கமா சொல்லும்? ஆனாலும் பரிசு வாங்குகிறவருக்கு ஏமாற்றம்தான். அதனால் 1958-க்கு முந்தைய தேதிகளுக்கு இனி முக்கியச் செய்திப் பக்கத்தையும் சேர்த்து இரட்டை ஃபிரேமாகத் தருகிறோம். விலை பழையதே. ஏற்கெனவே வாங்கியவர்கள் பில்லைக் காட்டினால் போதும், இரண்டாவது பக்கம் இலவசம்.

கொள்ளுத்தாத்தா பிறந்த தேதியைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1889-க்கு முன்னால் அது நாளிதழே அல்ல. உயர்நீதிமன்ற நீதிபதியாக டி. முத்துசாமி ஐயரை நியமித்ததை வெள்ளையர் பத்திரிகைகள் ஏளனம் செய்தபோது, ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் உட்பட ஆறு இளைஞர்கள் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ல் 80 பிரதிகள் அச்சடித்தார்கள். அப்போது அது வார இதழ். 1883-லிருந்து வாரம் மூன்று முறை. ஆகவே அந்தக் காலத்துத் தேதிக்கு இதழ் இல்லாமலும் போகலாம். சுப்பிரமணிய ஐயர் 1898-ல் விலகி, தாமே தொடங்கியிருந்த ‘சுதேசமித்திரன்’ பக்கம் போய்விட்டார். கஸ்தூரிரங்க ஐயங்கார் 1905-ல் 75,000 ரூபாய்க்குப் பத்திரிகையை வாங்கினார். ஒன்றேமுக்கால் ரூபாய்ச் சரக்கு!

அப்புறம், பெரு வெள்ளத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கு: 2015 டிசம்பர் 2 சென்னைப் பதிப்பு எங்களிடம் இல்லை, யாரிடமும் இருக்காது. ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால், 1878-க்குப் பிறகு முதல் தடவையாக அன்று பேப்பர் அச்சாகவில்லை. அடுத்து வந்த இதழைத் தருகிறோம். வேண்டாம் என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஃபிரேம் கடையிலிருந்து