அந்த ஒரு வரியைத் திருப்பி வையுங்கள்

கடற்படை வீரர் நினைவுச் சுவர்க் குழுவினருக்கு,

வணக்கம். என் மாமனாருக்காக நீங்கள் வைக்கவிருக்கும் பலகையின் இறுதி வாசகம் சென்ற வாரம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. படம் அழகாக வந்திருக்கிறது. பிறந்த ஊர், பணியில் சேர்ந்த ஆண்டு, ஓய்வு பெற்ற ஆண்டு எல்லாம் சரியாக இருக்கின்றன. நாங்கள் எழுதித் தந்ததில் ஒரு வரியை மட்டும் காணவில்லை. "1970-களின் தொடக்கம் வரை, பிலிப்பீன்ஸில் ஆளெடுக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்கக் கடற்படை ஸ்டூவர்ட் வேலையைத் தவிர வேறு வேலை தரவில்லை" என்பதுதான் அந்த வரி. ஸ்டூவர்ட் என்றால் அதிகாரிகளுக்கு உணவு பரிமாறிப் பணிவிடை செய்பவர். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டோம். பெருமை சொல்லும் சுவரில் சர்ச்சை வேண்டாம் என்று பதில் வந்தது.

இந்த மடலின் ஆங்கிலப் படி உங்களிடம் இருக்கிறது. சான் டியேகோவின் தமிழ்க் குடும்பங்கள் சில திறப்பு விழாவுக்கு வரவிருப்பதால், அவர்களும் அறியட்டும் என்று தமிழிலும் வெளியிடுகிறேன்.

எது சர்ச்சை? உங்களில் பலர் கடற்படையில் பணியாற்றியவர்கள். அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் பரிமாறினார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள். அமெரிக்காவும் பிலிப்பீன்ஸும் செய்துகொண்ட 1947-ஆம் ஆண்டு ராணுவத் தள ஒப்பந்தத்தின்படி பிலிப்பீன்ஸ் குடிமக்களைக் கடற்படை தன் பணியில் சேர்த்துக்கொண்டதும், சேர்ந்தவர்களைச் சமையலறையிலும் அதிகாரிகளின் அறைகளிலும் நிறுத்தியதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. தெரிந்தே நீக்கியிருக்கிறீர்கள் என்பதுதான் எங்களை வருத்துகிறது.

பிலிப்பீன்ஸின் கவீத்தே மாகாணத்தில் பிறந்தவர் என் மாமனார். கல்லூரியில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்காகப் படிப்பை விட்டுவிட்டு 1962-இல் அங்கிருந்த அமெரிக்கக் கடற்படையின் சாங்லி பாயிண்ட் தளத்தில் தேர்வு எழுதினார். ஆயிரக்கணக்கானோர் முட்டி மோதிய வாசல் அது. தேர்ச்சி பெற்றவருக்குக் கிடைத்தது அதிகாரிகளின் படுக்கையை விரிப்பது, சட்டைக்கு இஸ்திரி போடுவது, காலணிக்கு மெருகேற்றுவது, மேசையில் பரிமாறுவது. வியட்நாம் கடலோரத்தில் போர் மணி அடித்தால் மட்டும் அதே கைகளுக்குப் பீரங்கிக் குண்டுகளைத் தூக்கிக் கொடுக்கும் தகுதி வந்துவிடும். மணி ஓய்ந்ததும் மீண்டும் காப்பிக் கோப்பை.

இதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நான் மருமகளாக வந்த புதிதில் அந்த வீட்டின் ஒரு வழக்கம் எனக்கு விளங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் யாரும் நின்றுகொண்டு பரிமாறக் கூடாது. ஆண்களுக்குப் போட்டுவிட்டுப் பிறகு பெண்கள் உண்ணும் வீட்டில் வளர்ந்தவள் நான். பழக்கத்தில் கரண்டியோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் சட்டென்று எழுந்துவிட்டார். கரண்டியை வாங்கி மேசையில் வைத்தார். "உட்கார் அம்மா, சமைத்தவர் உட்கார்ந்த பிறகுதான் இந்த வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவோம்" என்றார். அதன் பிறகு ஒருநாள்கூட அந்த வழக்கம் மாறியதில்லை. அடோபோவோ பன்சித்தோ அவரே சமைத்த நாள்களில், ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து முதல் ஆளாக உட்காருவார். பேரப்பிள்ளைகள் காத்திருப்பார்கள். மற்றவர்கள் உண்பதைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்ற ஆண்டுகள் எத்தனை என்று மாமியார் பிற்பாடு சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. பதினோரு ஆண்டுகள்.

அந்தப் பதினோரு ஆண்டுகளுக்காகத்தான் இந்த மடல். மற்ற வேலைகளுக்கும் கதவு திறந்ததும் 1973-இல் தேர்வு எழுதி அவர் மின்பிரிவுக்கு மாறினார். முதன்முதலில் கேட்டிருந்தால் முதல் நாளே செய்திருக்கக்கூடிய வேலை. உங்கள் பலகையில் இப்போது என்ன இருக்கிறது? "ஸ்டூவர்டாகத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் மின்பிரிவுக்கு உயர்ந்தார்." எங்கள் வரியை எடுத்துவிட்டு இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட மனிதர் என்று நினைப்பார். கடற்படையின் விதியை மறைப்பதற்காக, அவருடைய திறமையைக் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திருப்பி வையுங்கள்.

டெலஸ்ஃபோரோ ட்ரினிடாட்டை நீங்கள் அறிவீர்கள். 1915 ஜனவரி 21 அன்று, நம் நகரத்தின் பெயரையே தாங்கிய 'சான் டியேகோ' போர்க்கப்பலில் கொதிகலன் வெடித்தபோது, தீக்காயங்களோடு சக மாலுமிகளைக் காப்பாற்றியவர். அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்ற பிலிப்பீன்ஸ்காரர். புதிய நாசகாரிக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் வைக்கப்படும் என்று 2022-இல் கடற்படையே அறிவித்தது. உங்கள் சுவரின் நடுவில் அவர் படம் இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அவர் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். முதல் உலகப் போருக்குப் பிறகு அவர் நாட்டவருக்கு அந்த அறையின் கதவு சாத்தப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துப் பணியில் சேர்ந்த என் மாமனாருக்கு ட்ரினிடாட் நின்ற இடத்தில் நிற்க அனுமதி இல்லை. வீரத்தைக் கொண்டாடும் சுவர், அந்த வீரத்துக்கு வாய்ப்பே மறுக்கப்பட்டதையும் சொல்லவேண்டாமா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பீன்ஸ் வீரர்களுக்கும் இதுதானே நடந்தது? 1946-இல் ஒரு சட்டம் போட்டு அவர்களுடைய உரிமைகளைப் பறித்தார்கள். 2009-இல் உயிரோடு எஞ்சியிருந்த முதியவர்களுக்கு ஒரே தவணையாகப் பணம் கொடுத்தார்கள்: அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்கு 15,000 டாலர், பெறாதவருக்கு 9,000. அதையும் பெருமையாகத்தான் அறிவித்தார்கள். பட்டத்தோடும் விசாவோடும் விமானத்தில் வந்திறங்கிய எங்களைப் போன்றவர்கள், எங்களுக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்த ஆசியர்கள் எந்த வாசல் வழியாக விடப்பட்டார்கள் என்று கேட்பதே இல்லை. வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளி, பச்சை அட்டை என்று எங்கள் கவலைகள் எங்களுக்கு. இந்தக் குறை உங்களுடையது மட்டுமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். நீங்கள் ஊதியம் வாங்காமல் உழைப்பவர்கள் என்பதும், இந்தச் சுவருக்காக நிதி திரட்ட எவ்வளவு அலைந்தீர்கள் என்பதும் தெரியும். கடற்படையைத் திட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவர் அதை நேசித்தார். ஓய்வுக்குப் பின் தபால் நிலையத்தில் வேலை பார்த்த காலத்திலும் கொடி நாள்களில் சீருடையை எடுத்துத் தானே இஸ்திரி போடுவார். நாங்கள் கேட்பது நடந்ததைச் சொல்லும் ஒரே ஒரு வரி. பலகையில் இடம் போதாதென்றால் அவர் பெற்ற பாராட்டுகளின் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதற்கும் சம்மதம்.

பலகை செதுக்கப் போகுமுன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். அந்த வரி இல்லையென்றால் படத்தையும் பெயரையும் எடுத்துவிடச் சொல்கிறார் என் மாமியார். அந்த முடிவுக்கு அவரைத் தள்ளிவிடாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவருடைய மூத்த மருமகள்