வள்ளிக்கு

அன்பு மகள் வள்ளிக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் திரும்பினால் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்கிறது என்றாய். பிறகு, "நீயும் என்னை ஆச்சி வீட்டில் விட்டுவிட்டுத்தானே போனாய்" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பும்போது என் கையில் மிஞ்சிய ஸ்வீடன் நாட்டு 20 குரோனா நோட்டை நீ மாற்ற விடவில்லை, நினைவிருக்கிறதா? "இதில் இருப்பவர் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர், நீயே வைத்துக்கொள்" என்றாய். ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். அந்த நோட்டு அப்பா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்த முகத்துக்காகத்தான் அவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

1941-ல் நிமோனியாவில் படுத்திருந்த மகள் கரின், பிப்பி என்று ஒரு பெயரைத் தானே உண்டாக்கி, அவளைப் பற்றிக் கதை சொல் என்று கேட்டாள். 1944-ல் பனியில் வழுக்கிக் கால் சுளுக்கிக் கிடந்தபோது அந்தக் கதைகளை அவர் சுருக்கெழுத்தில் எழுதினார். மகளின் பத்தாம் பிறந்தநாளுக்கு அதுதான் பரிசு. முதலில் பார்த்த பதிப்பகம் திருப்பி அனுப்பியது. 1945-ல் வேறொன்று வெளியிட்டது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த கதை இது. சுருக்கெழுத்து என்றதும் எனக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. அவரும் என்னைப் போல அலுவலகத்தில் தட்டச்சு செய்து பிழைத்தவர்தான்.

ஆனால் என்னை உட்கார வைத்தது கரினின் கதையன்று, அவளுடைய அண்ணன் லார்ஸின் கதை. விம்மர்பி என்ற சிற்றூரின் செய்தித்தாளில் வேலை பழகிய பதினெட்டு வயதுப் பெண், அதன் ஆசிரியரால் கருவுற்றாள். அவரை மணக்க மறுத்தாள். ஊர் வாய்க்குத் தப்பி ஸ்டாக்ஹோம் போனாள். 1926 டிசம்பரில் பக்கத்து நாடான டென்மார்க்கின் கோபன்ஹேகனில் குழந்தை பிறந்தது. அங்கேயே ஒரு வளர்ப்புத் தாயிடம் அவனை ஒப்படைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். கையில் காசு சேரும்போதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பார்த்து வருவாள். மூன்று வருடம் இப்படி. வளர்ப்புத் தாய் நோயில் விழுந்ததால் 1930-ல் அவனை அழைத்துக்கொண்டாள். சில மாதங்களில் தன் பெற்றோரின் பண்ணையில் விட்டாள். 1931-ல் திருமணம் ஆன பிறகுதான் பிள்ளை தாயோடு சேர்ந்தான்.

பிறகு அவர் எழுதிய கதைகளைப் பார், வள்ளி. பிப்பி தாயில்லாமல் தனி வீட்டில் வாழ்கிறாள். 1954-ல் வந்த கதையில் மியோ, ஸ்டாக்ஹோம் பூங்காவின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் சிறுவன். எங்கோ ஒரு நாட்டில் அவனுடைய அப்பா அரசனாகக் காத்திருக்கிறார். அடுத்து ராஸ்மஸ், தனக்கொரு தாய் தகப்பனைத் தேடி அநாதை இல்லத்திலிருந்து ஓடிப்போகிறவன். இவர்களை எல்லாம் எழுதிய கை, ஒரு குழந்தையின் கையை ரயில் நிலையத்தில் விட்ட கை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் அந்தப் பிள்ளைகளின் தனிமையை அவர் சர்க்கரை தடவிக் கொடுக்கவில்லை.

எனக்குக் கதை எழுதத் தெரியாது. நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

அப்பா போன பிறகு கருணை அடிப்படையில் கிடைத்த வேலை தர்மபுரியில். உனக்கு மூன்று வயது. தென்காசியில் ஆச்சியிடம் விட்டேன். வேறு வழி இல்லை என்றுதான் இத்தனை காலமும் உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். முதல் வருடத்துக்கு அது உண்மை. இரண்டாம் வருடம் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது. எதிர்வீட்டு அம்மாள் பகலில் உன்னைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நான்தான் இன்னும் கொஞ்சம் பணம் சேரட்டும் என்று தள்ளிப்போட்டேன். தனியாக உன்னை வளர்க்கப் பயந்தேன். அப்படியே இரண்டு வருடம் போய்விட்டது. இதை ஆச்சியிடம்கூடச் சொன்னதில்லை.

உன்னை அழைத்துப் போக வந்த அன்று நீ ஆச்சியின் முந்தானையை விடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மதுரை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மதுரையில் பஸ் மாறும்போது, "அங்கே நீயும் இருப்பாயா?" என்று கேட்டாய். இருப்பேன் என்றேன். நீ நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்த வருடங்களைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேள். பாலை முன்கூட்டியே காய்ச்சி இறக்கிவிடுகிறேன்.

அம்மா