3,35,50,336-ஐயும் அதற்கு அடுத்ததையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் செவ்விய எண்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். தன்னை விட்டுவிட்டு மற்றக் காரணிகளையெல்லாம் கூட்டினால் அதே எண் வந்தால் அது செவ்விய எண்; 1+2+3=6 என்பதுபோல. 6, 28, 496, 8128 ஆகிய நான்கையும் காட்டிவிட்டு, இவை 6, 8 என்று மாறி மாறி முடியும், ஓரிலக்கத்துக்கு ஒன்று, ஈரிலக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுமே தவறு. கணக்கில் இப்போதுதான் ஆர்வம் பிடிக்கும் பிள்ளைகள் இதை அப்படியே மனதில் வாங்கிக்கொள்வார்களே என்றுதான் எழுதுகிறேன்.

இது மிகப் பழைய தவறு. கி.பி. 100 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸும் இப்படித்தான் நம்பினார். கையில் நான்கு எண்கள் மட்டும் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஐந்தாவது செவ்விய எண் 3,35,50,336. நான்கு இலக்கத்திலிருந்து நேரே எட்டு இலக்கத்துக்குத் தாவிவிடுகிறது.

ஏன் இவ்வளவு தூரம்? யூக்ளிட் சொன்ன வழியில் போய்ப் பாருங்கள். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை பகா எண்ணாக அமைந்தால், கடைசியாகக் கூட்டிய எண்ணால் அதைப் பெருக்க வேண்டும். 1+2+4=7, 7×4=28. 127×64=8128. அப்புறம் வரும் 255, 511, 1023 மூன்றும் பகு எண்கள். 2047 பகா எண் போலத் தோன்றி ஏமாற்றும்; அது 23×89. 4095-உம் உதவாது. 8191-இல்தான் வழி திறக்கிறது. 8191×4096=3,35,50,336.

இது செவ்விய எண்தானா என்று ஒரு துண்டுத்தாளிலேயே சரிபார்க்கலாம். 1 முதல் 4096 வரையுள்ள இரண்டின் அடுக்குகளைக் கூட்டினால் 8191. மீதிக் காரணிகள் எல்லாம் 8191-இன் மடங்குகள். எண்ணை மட்டும் விட்டுவிட்டால் அவற்றின் கூட்டுத்தொகை 8191×4095. இரண்டையும் சேர்த்தால் 8191×4096, அதே எண்! முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதற்கு வேறு முகங்களும் உண்டு. 1 முதல் 8191 வரை கூட்டினால் இதுவே வரும் என்பதால் இது முக்கோண எண். 1, 3, 5 என்று 127 வரையுள்ள 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதே எண்தான். இரும முறையில் எழுதினால் பதின்மூன்று 1, பின்னால் பன்னிரண்டு 0. இலக்கங்களைக் கூட்டினால் 28, அதுவும் செவ்விய எண். இந்தக் கடைசி ஒற்றுமையை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 8128-இன் இலக்கங்களைக் கூட்டினால் 19தான்.

சரி, கடைசி இலக்கத்துக்கு வருகிறேன். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாம் 6-இலோ 8-இலோ முடியும் என்பது உண்மை. மாறி மாறி முடியும் என்பதுதான் பொய். ஐந்தாவது எண் 6-இல் முடிகிறது. ஆறாவதான 8589869056-உம் 6-இல்தான் முடிகிறது. திருத்தம் வெளியிடும்போது இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து அச்சிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்