நாக்கில் பித்தளை

மதுரை,
நவம்பர் 24, திங்கள்

மாப்ள,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பாய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு கூப்பிடாமலும் இருந்துவிட்டேன். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கட்டை சொன்னான். அவருக்கு என் வணக்கம். நீ ஜோனல் மேனேஜர் ஆனதையும் அவன்தான் சொன்னான். டார்கெட் சாரின் நாற்காலி! அதில் உட்கார்ந்ததும் உனக்கும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் தட்டுகிற பழக்கம் வந்துவிட்டதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சர்க்கரை. ஹெச்பிஏ1சி 8.1.

நீ சிரித்து முடிக்கிற வரை காத்திருக்கிறேன்.

ஒருநாள் பட்டினி கிடந்து இந்த டெஸ்ட்டை ஏமாற்ற முடியாது, மூன்று மாதச் சராசரி இது என்று மருந்து கம்பெனி ரெப்பாக எத்தனை கிளினிக்கில், டாக்டருக்குக் காட்டுகிற படப் புத்தகமான விஷுவல் எய்டைத் திருப்பித் திருப்பி ஒப்பித்திருப்போம்! சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டின சர்க்கரை ஒட்டினதுதான் என்று டாக்டர்களுக்கே பாடம் எடுத்தவர்கள் நாம். இப்போது என் ஆகஸ்ட் மாத அல்வாவும் செப்டம்பர் மாதப் பால்கோவாவும் ரிப்போர்ட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தினம் எந்த டாக்டரைப் பார்த்தோம் என்று கம்பெனிக்கு எழுதுகிற டி.சி.ஆரைப் பொய்யாக எழுதலாம், நீ எழுதியிருக்கிறாய், கயத்தாறு விஷயத்தை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ரத்தம் எழுதுகிற ரிப்போர்ட்டில் அந்த வசதி கிடையாது.

டாக்டர் சின்னப் பையன். "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். "ஊர் ஊராக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வைக்கிறேன் சார்" என்றேன். "நீங்களும் சாப்பிடுவீங்களா?" "அதான் சார் வேலையே." பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் எழுதினார், மெட்ஃபார்மின் 500, இரண்டு வேளை.

பாரிஸ் டாக்டர் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957-ல் எழுதி வெளியிட்ட மருந்து என்று இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன். திண்டுக்கல்லில் தலப்பாக்கட்டி பிரியாணிக் கடை தொடங்கியதும் அதே 1957. பிரியாணிக்கும் மாத்திரைக்கும் ஒரே வயசு. இந்த ஜோக்கை வண்டியில் சொன்னால் நல்ல சிரிப்பு கிடைக்கும். இப்போது சொல்ல முடியவில்லை, அதுதான் பிரச்சினை.

ஏழு வருஷமாக நான் என்ன செய்கிறேன் என்று உனக்கு முழுசாகச் சொன்னதே இல்லை. "சாப்பிட்டே சம்பாதிக்கிறான்" என்று நீ கட்டையிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. கணக்கைக் கேள். 8 பேர், தலைக்கு 5,500, ஆக 44,000. இரண்டு நாள் வேன் 13,000. ரூம், எனக்கும் டிரைவருக்கும் சேர்த்து, 9,000. சாப்பாடு 9,000. டோல், தண்ணீர் பாட்டில், டிரைவர் பேட்டா எல்லாம் ஒரு 2,000. கையில் நிற்பது 11,000. மாதம் 4 ட்ரிப் கிடைத்தால் ராஜா. ஏப்ரல், மே வெயிலில் ஒன்றுகூடக் கிடைக்காது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது இரண்டு வருஷம் சாத்தூர் காரச் சேவு பார்சல் போட்டுத்தான் வீட்டை ஓட்டினேன். அதற்கு நடுவில் சென்னை டூர் கம்பெனி ஒன்று மூன்று ட்ரிப்புக்கான பணத்தை இழுத்தடித்து, கடைசியில் பாதியைக் கொடுத்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்றது. மருந்தை மொத்தமாக எடுக்கிற நம் ஸ்டாக்கிஸ்ட்டுகள் தேவலை.

வேலையில் சாப்பாடு கால்வாசிதான். முக்கால்வாசி கக்கூஸ். நிஜமாகச் சொல்கிறேன். எந்த பெட்ரோல் பங்கில் தண்ணீர் வரும், எந்த ஹோட்டலில் சாப்பிடாமலே சாவி கொடுப்பார்கள் என்று ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்து திருப்பினால் மாஸ்டர்களின் பெயர்கள். போர்டு இருக்கிற இடத்திலேயே இருக்கும், கை மட்டும் இடம் மாறிவிடும். விருதுநகரில் எண்ணெய் புரோட்டா போடுகிற ஒரு மாஸ்டர் போன வருஷம் ஓனரோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டார். பழைய கடையில் கூட்டம் குறையவில்லை. ஆனால் எண்ணெயில் கிடக்கிற புரோட்டாவை எப்போது திருப்புவது என்பது அந்தக் கடைக்கு மறந்துபோச்சு. ஓரம் அப்பளமாக நொறுங்க வேண்டும், நடு மெத்தென்று சால்னாவைக் குடிக்க வேண்டும். இப்போது முழுக்க முறுக்கு. நான் மாஸ்டரோடு போய்விட்டேன். இதெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை. எனக்குத் தெரிந்தது, நாம் பத்தொன்பது வருஷம், வெளியூர் போனால் கம்பெனி தருகிற படியான எக்ஸ்-ஸ்டேஷன் டி.ஏ.வில் தின்றுகொண்டே அலைந்ததால். கம்பெனி மருந்து விற்க அனுப்பியது, நான் படித்து வந்தது இதை.

கமிஷன் வாங்குவதில்லை. இனிப்புக் கடைக்காரர் ஒருவர் பெட்டிக்கு இருபது ரூபாய் என்றார். வாங்கிவிட்டால் அடுத்த தடவை பாகு சரியில்லை என்று சொல்ல வாய் வராது. டாக்டர்களுக்கு கிஃப்ட் சூட்கேஸ் சுமந்தவன் இதைப் பேசலாமா என்று நீ கேட்பாய். பேசலாம், சுமந்தவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். 2024-ல் அரசாங்கம் விதிமுறை போட்டு கிஃப்ட் கூடாது என்றுவிட்டதே, உன் பாடு எப்படிப் போகிறது?

இப்போது கேள். மாத்திரை ஆரம்பித்து எட்டாவது நாள். காலையில் எழுந்தால் வாயில் ஒரு மாதிரி இருக்கிறது. பித்தளைச் சாவியைச் சப்பின மாதிரி. பல் தேய்த்தாலும் போகவில்லை. காபி குடித்தால் காபிக்கு அடியில் அதுவும் இருக்கிறது. மத்தியானம் உன் தங்கச்சியிடம், "ரசத்தை எந்தப் பாத்திரத்தில் வைத்தாய்?" என்று கேட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருக்கிற ஈயச் சொம்பு. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெட்டாலிக் டேஸ்ட்! நம் விஷுவல் எய்டில் கடைசிப் பக்கம், அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் இருக்குமே, அதுதான். யாராவது ஒரு டாக்டர் கேட்டுவிட்டால் என்ன சொல்வோம்? "அது சும்மா சில பேருக்கு சார், கொஞ்ச நாள்ல தானாப் போயிடும்." பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அந்தச் சில பேரில் ஒருவன் எப்படி இருப்பான் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

போகட்டும், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் திருநெல்வேலியில் நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை எட்டுப் பேர். கோவில்பட்டியில் கடலைமிட்டாய், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் நெல்லை டவுனில் அல்வா. வழக்கம்போல் ஒரு கடையின் பின்கட்டில் கிண்டுவதைக் காட்டினேன். அதைச் சொல்கிறபோது எனக்கு இன்றைக்கும் குரல் மாறும், மாப்ள. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டுக் கொப்பரையில் ஊற்றுவார்கள். அதற்கப்புறம் கைதான். துடுப்பு நிற்கக் கூடாது. முதலில் கஞ்சி, அப்புறம் கூழ், அப்புறம் கொப்பரையோடு மல்லுக்கு நிற்கிற ஒரு பிண்டம். நெய்யை ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் போதும் என்று குடித்த நெய்யைத் திருப்பிக் கக்க ஆரம்பிக்கும். அந்தப் பளபளப்பு வந்ததும் ஒரு சொட்டு எடுத்து விரலில் உருட்டிப் பார்ப்பார்கள். ஒட்டக் கூடாது.

இதையெல்லாம் சொன்னேன். இலைத் துண்டில் சூடாகக் கொடுத்தார்கள். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்கள். "நீங்க சாப்பிடலையா?" என்றார் ஒரு அம்மா, ரிட்டையர்டு டீச்சர், சென்னை. ஒரு நகம் அளவு எடுத்து நாக்கில் வைத்தேன். வழுக்கியது, சூடு தெரிந்தது, இனிப்பு எங்கேயோ தூரத்தில் தெரிந்தது, மேலே முழுக்கப் பித்தளை. "எப்பவும் போல அருமை" என்றேன்.

அந்த அம்மா இன்னொரு வாய் போட்டுக்கொண்டு, மெதுவாக, "எனக்கு ஒரு துளி கசப்புத் தட்டுதே, பாகு முறுகியிருக்குமோ?" என்றார்.

பின்கட்டுக்குப் போய் மாஸ்டரைத் தனியாகக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். கிண்டுகிற பையன் லீவாம், தீயைப் பார்க்க ஆளில்லை, சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டதாம். "அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியாமயா? நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் சரியாக இருக்கும் என்று ஒரு அல்வா மாஸ்டர் நினைக்கிறார். ஏழு வருஷத்தில் நான் சம்பாதித்தது அந்த ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு நான் அந்த டீச்சரிடம் பொய் சொன்னேன்.

ராத்திரி ஜங்ஷன் லாட்ஜில் தூக்கம் வரவில்லை. நாம் தங்குகிற அதே லாட்ஜ், ஃபேன் சத்தம் அப்படியே இருக்கிறது. பத்தொன்பது வருஷம் ஒரு மாத்திரையைக்கூட நான் முழுங்கினதில்லை, ஆனால் எல்லாவற்றையும் அருமை என்று சொல்லியிருக்கிறேன். அது பிடிக்காமல்தானே வெளியே வந்தேன்? வாயில் போட்டுப் பார்த்ததை மட்டும் சொல்கிற ஒரு பிழைப்பு வேண்டும் என்று உன்னிடம்தான் பஸ் ஸ்டாண்டில் நின்று வசனம் பேசினேன். இப்போது ருசி தெரியாமல் நின்று, டாக்டரிடம் மருந்தைப் புகழ்கிற மாதிரி டீடெய்லிங் பண்ணியிருக்கிறேன். குரல்கூட அதே குரல், மாப்ள. எனக்கே கேட்டது.

மறுநாள் தூத்துக்குடி. போர்த்துக்கீசியர் வந்த கதை, முந்திரியும் அவர்களோடு கப்பலில் பிரேசிலிலிருந்து வந்தது, பாதாமுக்குப் பதில் அண்டிப்பருப்பு விழுந்து மக்ரூன் நம்ம ஊர் ஆனது, எல்லாம் சொன்னேன். வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போயிற்று. ஆனால் மக்ரூனைக் கையில் வாங்கியதும் கடித்துப் பார்க்கவில்லை. உடைத்துக் காதருகே வைத்துக் கேட்டேன். மழைக்காற்றில் நமத்திருந்தது. முட்டை வெள்ளையும் சர்க்கரையும் ஈரத்தைக் கண்டால் விடாது. "இன்னைக்குச் சரியில்லை, வாங்காதீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவரே உள்ளே போய், காலையில் அடுப்பிலிருந்து எடுத்துக் காற்றுப்படாமல் டின்னில் அடைத்து வைத்திருந்ததைக் கொண்டுவந்தார். உடைத்தேன். சத்தம் வந்தது. டீச்சரம்மா இரண்டு பெட்டி வாங்கினார்.

வண்டியில் ஏறியதும் அவரிடம் போய், "நேத்து எனக்கு ருசி தெரியலைம்மா, மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பையைத் திறந்து தன் மாத்திரைப் பெட்டியைக் காட்டினார். அதில் நாம் விற்ற பிராண்டு! எட்டுப் பேரில் ஐந்து பேருக்குச் சர்க்கரை என்பது அருப்புக்கோட்டை வருவதற்குள் தெரிந்துவிட்டது. அதுவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் அல்வாவைத் தின்றார்கள். விருதுநகர் சுற்றுதான், ஆனாலும் புரோட்டாவுக்காகப் போனோம்.

வீட்டில் தெரிந்துவிட்டது. பழைய சாம்பிள் பையில் ஒளித்து வைத்திருந்த மாத்திரைப் பட்டையை உன் தங்கச்சி எடுத்து, சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில், ஊறுகாய் வைக்கிற இடத்தில் வைத்திருந்தாள். திட்டு இன்னும் வரவில்லை. தினம் அரைமணி நடக்கிறேன், ராத்திரி இரண்டு இட்லி. ட்ரிப்பை விடச் சொல்வாளோ என்று பயந்தேன். "அளவா வாயில போட்டுப் பாரு, மிச்சத்தை டிரைவருக்குக் குடு" என்றாள். அந்த டிரைவருக்கு எது கொடுத்தாலும் "சூப்பர் சார்" என்பான். அவன் நாக்கை நம்ப முடியாது.

அதனால்தான் இந்தக் கடிதம். பிப்ரவரியில் அப்பாவைப் பார்க்க வருவாய் இல்லையா? என் தங்கச்சியை ஊரில் விட்டுவிட்டு ஒரு சனி, ஞாயிறு என் வண்டியில் வா. காசு வேண்டாம். நீ என்னைவிட மோசமான வாயாடி, ஆனால் கறி தோசையில் மிளகு கூடிவிட்டது என்று ஒரு கடி கடித்துச் சொல்கிறவன் நீதான். முன்சீட், நான் பேசுகிறேன், நீ சாப்பிடு, நன்றாக இல்லை என்றால் என் காலை மிதி.

அப்புறம் இன்னொன்று. டாக்டர் அடுத்த மாதம் வயிற்றில் மெதுவாகக் கரைகிற எஸ்.ஆர். மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். உங்கள் கம்பெனியில் அது இருக்கிறதே, அதிலும் இந்தப் பித்தளை வருகிறதா? சாப்பிடுகிற ஆட்களிடம் கேட்டுச் சொல். விஷுவல் எய்டைப் பார்த்துச் சொல்லாதே.

உன்,
சால்னா

பி.கு.: சாத்தூர் சேவு ஒரு கிலோ பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். காரம் சரியாக இருக்கிறதா என்று எழுது.