ஓயாவில் பூச்சி பார்க்கப் போகிறோம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை காலை தரம் 8 மாணவர்களை விஞ்ஞான ஆசிரியரும் நானும் தொழிற்சாலைக்குக் கீழே ஓடும் ஓயாவுக்கு அழைத்துப் போகிறோம். மீன் பிடிக்கப் போவதாகச் சில பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அது இல்லை, மீனுக்கு இரையாகும் பூச்சிகளைப் பார்க்கத்தான் போகிறோம்.

தூண்டில் பேச்சு என் வகுப்பிலிருந்து வந்தது. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் டிரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து, நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் குஞ்சுகளை வளர்த்து விட்டார்கள். அவர்கள் தூண்டிலில் புழு குத்துவதில்லை. கொக்கியில் இறகும் நூலும் சுற்றி, அந்த நேரத்தில் ஆற்றில் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதைப் போலவே கட்டுவார்கள். அளவோ நிறமோ பிசகினால் மீன் திரும்பிப் பார்க்காது. அவர்கள் ஊரில் கோடை முடிகிற ஓகஸ்டில் ஆறு இறங்கித் தெளிந்து சூடாகிவிடும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவு. 20 பாகையைத் தாண்டினால் டிரவுட் தவித்துப் போகும். அதனால் விடியற்காலையிலும் அந்தியிலும்தான் தூண்டில் போடுவார்கள். நமக்கு ஓயா அப்படி இறங்குவது மாசி, பங்குனியில். கற்கள் வெளியே தெரிகிற இந்த நாட்களை விட்டால் அப்புறம் மழை வந்துவிடும்.

நீருக்குள் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டினால் மூன்று வால் உள்ள சிறு பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். மேபிளை என்ற பறக்கும் பூச்சியின் இளம் பருவம் அது. மாதக்கணக்கில் நீருக்குள் வளர்ந்து, ஒருநாள் மேலே வந்து தோலுரித்துப் பறக்கும். சிறகு முளைத்த பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கும். வேறு எந்தப் பூச்சியும் இப்படிச் செய்வதில்லை. பறக்கத் தொடங்கியபின் அது எதையும் உண்ணாது. முட்டையிட்டு ஓரிரு நாளில் இறந்துவிடும். பக்கத்திலேயே கேடிஸ் புழுவும் இருக்கும். தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் புழு. முப்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்றும் அதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை.

மரக்கறி போடும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மருந்தடித்த டாங்கியைத் தயவுசெய்து ஓயாவில் கழுவாதீர்கள். பூச்சிமருந்து கல்லுக்கடியில் இருக்கும் இவற்றைத்தான் முதலில் கொல்லும். பிறகு மீனுக்கு இரை இருக்காது. நம் பிள்ளைகள் குளிப்பதும் அதே தண்ணீரில்தான். கொஞ்சத் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, அதையும் அதே பாத்தியிலேயே அடித்துவிடுங்கள்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பழைய உடுப்பும் வழுக்காத செருப்பும் போதும். மாற்றுடுப்பு ஒன்று, அட்டை கடித்தால் போடக் கொஞ்சம் உப்பு. வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள், பூச்சி அதில் நன்றாகத் தெரியும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரையும் இறங்க விடமாட்டோம். புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிட்டுத்தான் வருவோம். முதல்நாள் மழை பெய்தால் போவதில்லை.

சம்மதக் கடிதத்தில் கையொப்பமிட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அன்று வேலையில்லாத பெற்றோர் யாராவது கூட வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
அதிபர்